நெஞ்சின் ஓசை கேட்பார் யார்?

ஓசை கேட்டே நோய் சொல்லும் ஊர், நமது கோவை!

கிணற்று மேட்டிலே மோட்டார் ஓடுகிறது. வரப்பிலே நடந்துவரும் உழவர் பத்தடி தொலைவிலேயே நின்றுவிடுகிறார். காதைச் சாய்க்கிறார். ஓசையிலே ஒரு மாற்றம். நேற்றுவரை இல்லாத ஓலம். மோட்டாரைக் கழற்றிப் பார்க்கவில்லை, அளவுகோல் எதையும் கையிலெடுக்கவில்லை. "புட்வால்வு ஒழுகுதுங்க, தண்ணி நிக்கமாட்டேங்குது" என்று தீர்ப்பளித்துவிடுகிறார். தீர்ப்பு பிழைப்பதும் இல்லை! 1937ஆம் ஆண்டிலே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்து காட்டிய மண் அல்லவா இது! பம்பும் மோட்டாரும் இந்த மக்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போல.

இரும்பின் முனகலை இனம் கண்டு சொல்லும் இந்த மண்ணிலேதான், எழுபது வயதுத் தந்தையின் நெஞ்சு முனகுகிறது; கேட்பார் இல்லை. பெற்றெடுத்த ஆத்தாவின் இதயம் ஓலமிடுகிறது. காது கொடுப்பார் இல்லை. மோட்டார் நின்றால் பயிர் வாடும் என்று பதறுகிறோம். நெஞ்சு நின்றால்? "வயசாச்சு, என்ன செய்ய!" என்ற நான்கு சொற்களிலே கணக்கை முடித்துவிடுகிறோம்.

அரசியல் ஏட்டிலே, ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையிலே, இதய வால்வைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்டிடும் தோழர்கள் இருக்கக்கூடும். மருத்துவம் படித்தவனா இவன், கல்லூரிப் படிப்பையே பாதியிலே விட்டுவிட்டு மேடையேறியவனாயிற்றே என்று எண்ணிச் சிரித்திடவும் கூடும். சிரியுங்கள்; ஆனால் சிரித்துவிட்டுச் சிந்தியுங்கள். எவருடைய நெஞ்சுக்கு ஊரிலே மதிப்பிருக்கிறது, எவருடைய நெஞ்சு கேட்கப்படாமலேயே சுடுகாடு சென்று சேருகிறது என்ற கேள்வி இருக்கிறதே, அதைவிடப் பெரிய அரசியல் வேறு எது?

முதலிலே நோயைத் தெரிந்துகொள்வோம். கடினமே இல்லை, கிணற்றடியிலே கற்ற பாடந்தான்.

இதயம் ஒரு பம்பு. நிமிடத்திற்கு எழுபது முறை என்று வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. எழுபது ஆண்டுகளிலே 250 கோடி முறைக்கு மேல்! விடுமுறையில்லை, வேலைநிறுத்தமில்லை, போனசு கேட்டு வாயில் முழக்கமும் இல்லை. அந்தப் பம்புக்குள்ளே நான்கு வால்வுகள். இரத்தம் முன்னே செல்ல வழிவிட்டு, பின்னே திரும்பாமல் கதவடைக்கும் காவலர்கள் அவை.

காவலர் கெடுவது இரண்டு வகை. கதவு முழுவதும் திறக்காமல் இறுகிப்போவது ஒன்று, அது சுருக்கம். கதவு முழுவதும் மூடாமல் இரத்தம் பின்னோக்கி வழிவது மற்றொன்று, அது கசிவு. முதுமையிலே மிகுதியாகக் காணப்படுவது, இதயத்தின் தலைவாயிலாம் பெருந்தமனி வால்விலே சுண்ணாம்பு படிந்து இறுகிடும் சுருக்கம். வெந்நீர்க் கொப்பரையிலே உப்புத் தண்ணீரின் பொருக்கு ஏறுகிறதே, அதைப் போல் ஆண்டுக்கணக்கிலே மெல்ல மெல்ல ஏறுகிறது. மூன்று நான்கு சதுரச் சென்டிமீட்டர் அகலம் திறக்கவேண்டிய வாயில், ஒரு சதுரச் சென்டிமீட்டருக்கும் கீழே குறுகிவிட்டால் நோய் கடுமை என்கின்றனர் மருத்துவர்கள். அகலமான மதகுக்குப் பதில் எலி வளை! அந்த வளை வழியே உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளிட, இதயம் நாளெல்லாம் முட்டி மோதுகிறது.

நம் பகுதியின் முதியோரிடம் வேறொரு பழைய கணக்கும் உண்டு. சிறுவயதிலே தொண்டை வலி வந்தது. பின்னர்க் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்தன. கசாயம் குடித்தார்கள், வலி போயிற்று. காய்ச்சல் போயிற்று என்று வீட்டார் மகிழ்ந்தனர். அது இதய வால்விலே வடுவை விட்டுச் சென்றதை எவரும் அறியவில்லை. 'ருமாட்டிக் காய்ச்சல்' என்பது அதன் பெயர். நெருக்கடியான குடியிருப்பிலே, காற்றும் வெளிச்சமும் குறைந்த லைன் வீடுகளிலே, வறுமையின் மடியிலே வளரும் நோய் அது. பத்து வயதிலே பட்ட அடி, ஐம்பதிலும் அறுபதிலும் மூச்சுத் திணறலாக எழுந்து நிற்கிறது. வறுமை, தன் கையெழுத்தை ஏழையின் இதயத்திலேயே போட்டுவிட்டுச் செல்கிறது, தோழர்களே!

இப்போது ஒரு சிறு காட்சி. நாடகம் எழுதுபவன் என்பதால் காட்சியாகவே தருகிறேன். இடம்: நகரத்தின் ஓரத்திலே ஒரு மருந்தகம். வெளியே நாற்பது பேர் காத்திருக்கின்றனர். உள்ளே முதியவர் ஒருவர் நுழைகிறார்.

"ஏனுங் டாக்டர், நாலெட்டு வெச்சா மூச்சு வாங்குதுங்."

"வயசென்னங்க பெரியவரே?"

"எழுவத்திரண்டுங்."

"என்ன வேலை பாத்தீங்க?"

"மில்லுங். முப்பது வருசம் புளோ ரூமுங்க."

"அப்பப் பஞ்சுத் தூசிதான் பெரியவரே. மருந்து எழுதித் தர்றேன். அடுத்த ஆளு வாங்க!"

திரை விழுகிறது. காட்சி நடந்த நேரம் ஒரு நிமிடம். முதியவரின் சட்டைப் பொத்தான் ஒன்றுகூடக் கழலவில்லை.

மருத்துவர் கொடியவரா? இல்லை. அவர் சொன்னது பொய்யா? அதுவும் இல்லை. 1888இலே ஸ்டேன்ஸ் ஆலையின் சங்கொலி எழுந்த நாள்தொட்டு, இந்த ஊரின் தொழிலாளர் எத்தனையோ பேரின் நுரையீரலிலே பஞ்சுத் தூசி புகுந்து குடியேறியது உண்மை. தூசியால் வரும் மூச்சிரைப்பு உண்மை. ஆனால் ஒரே வீட்டிலே இரண்டு திருடர் நுழைய முடியாதா? ஒருவனைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கிவிட்டால், மற்றவன் பெட்டியை உடைத்துக்கொண்டு போய்விடமாட்டானா? மில் தொழிலாளிக்குப் பஞ்சுத் தூசி. சோமனூர் விசைத்தறிக்காரருக்குப் பீடி. பொள்ளாச்சித் தோப்பிலே தேங்காய் சுமந்தவருக்கு முதுமை. அடுப்பூதிய ஆத்தாவுக்குப் புகை! எளியவர் மூச்சு வாங்கினால், தயாராக ஒரு காரணம் காத்திருக்கிறது. காரணம் கிடைத்துவிட்டதாலேயே, தேடுவது நின்றுவிடுகிறது.

நோயும் நயவஞ்சகமானது. வால்வு குறுகக் குறுக, முதியவர் தன் நடையைக் குறுக்கிக்கொள்கிறார். மேட்டுக் காட்டுக்குப் போய்வந்தவர் களத்தோடு நின்றுவிடுகிறார். மருதமலைப் படிகளிலே ஏறிச் சென்றவர், இப்போது பேருந்திலே சென்று திரும்புகிறார். "மூச்சு வாங்குதா?" என்று கேட்டால், "இல்லைங்களே" என்பார், ஏனெனில் மூச்சு வாங்கிடும் வேலையையே விட்டுவிட்டார்! ஆகவே கேட்கவேண்டிய கேள்வி வேறு: "போன பொங்கலுக்குச் செய்ய முடிந்தது, இந்தப் பொங்கலுக்குச் செய்ய முடியாமற்போனது எது?" இந்த ஒரு கேள்வியிலே பாதி நோய் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

மூச்சிரைப்பு, நெஞ்சிலே இறுக்கம், நடந்துகொண்டிருக்கையிலே திடீரென்று கண்ணிருண்டு மயங்கி விழுதல்: பெருந்தமனி வால்வுச் சுருக்கம் அனுப்பிடும் மூன்று ஓலைகள் இவை. இந்த ஓலைகள் வந்தபிறகும் கடுமையான சுருக்கத்தை அப்படியே விட்டுவிட்டால், இரண்டே ஆண்டுகளிலே ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டுபோகின்றனர். இறுகிய வால்வை இளக்கித் திறந்திடும் மாத்திரையும் இல்லை, கசாயமும் இல்லை. எழுபத்திரண்டு வயதிலே வாசற்படியிலே சுருண்டு விழுந்தவரைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நல்ல சாவு, நோய் நொடி இல்லாமல் போய்ச் சேர்ந்தார்" என்று ஊர் பேசுகிறதே, அந்தச் சாவுகளிலே எத்தனை, மூன்று ஓலைகளையும் எவரும் படிக்காததால் நேர்ந்த சாவு? விதி என்று நெற்றியைக் காட்டுகிறார்கள். நெற்றியை விட்டுவிட்டு நெஞ்சைக் கேட்டிருக்க வேண்டாமா?

கேட்பதற்குக் கருவி இல்லையா? 1816ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது! பாரிஸ் நகரத்து மருத்துவர் லென்னெக், இளம்பெண் ஒருத்தியின் மார்பிலே காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஓசை முன்னிலும் தெளிவாக ஒலித்தது. பிறந்தது ஸ்டெதாஸ்கோப். இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது அந்தக் கருவி. ஒவ்வொரு மருத்துவரின் கழுத்திலும் அது மாலையாகத் தொங்குகிறது. மாலையாகவே தொங்கிக்கொண்டிருக்கிறதே, அதுதான் நம் குறை!

பழுதில்லாத இதயம் 'லப்-டப்' என்று கதவடைக்கும் ஓசை தரும். வால்வு கெட்டால், இரண்டு ஓசைக்கும் இடையிலே, குறுகிய மதகிலே நீர் சீறுவது போன்ற முணுமுணுப்பு எழும். பெருந்தமனி வால்வு குறுகியிருந்தால் மார்பின் வலது மேற்புறத்திலே கேட்டுக் கழுத்துவரை ஏறும். இடப்புற ஈரிதழ் வால்வு கசிந்தால் மார்பின் கீழே கேட்டு அக்குள் பக்கம் ஓடும். ருமாட்டிக் காய்ச்சல் விட்டுச்சென்ற சுருக்கமோ தாழ்ந்த உறுமலாக ஒலிக்கும். இடப்பக்கம் சாய்ந்து படுக்கவைத்துக் கேட்டால்தான் பிடிபடும். சட்டையின்மேல் வைத்து, இரண்டு நொடி கேட்டு, எடுத்துவிட்டால் எதுவும் பிடிபடாது. சட்டையைக் கழற்றச் சொல்லவேண்டும். மின்விசிறியை நிறுத்தவேண்டும். வரிசையிலே நிற்போர் இரண்டு நிமிடம் பொறுக்கவேண்டும். மருத்துவருக்கு அந்த இரண்டு நிமிடம் கிடைக்கவேண்டும்.

பெண்கள் நிலை இன்னும் கொடிது. லென்னெக்கின் கூச்சம் ஒரு கருவியைப் பெற்றெடுத்தது. இங்கே கூச்சம் உயிரைக் குடிக்கிறது. சேலைத் தலைப்பின்மேல் கருவியை வைத்து எடுத்துவிடுவதை மரியாதை என்று நினைக்கின்றனர். ஒரு திரைச்சீலையும், பக்கத்திலே ஒரு செவிலியும் இருந்தால் போதுமே! எத்தனை மருந்தகங்களிலே அந்தத் திரைச்சீலை இருக்கிறது?

உண்மையை மறைத்துப் பேசுவது நமக்கு வழக்கமில்லை. காது மட்டுமே போதும் என்று சொல்லமாட்டேன். இங்கிலாந்திலே ஆக்ஸ்போர்டு வட்டாரத்திலே, 65 வயதை எட்டிய, வால்வு நோய் இருப்பதாக அதுவரை அறியப்படாத 2,500 பேருக்கு எக்கோ பரிசோதனை செய்து, 2016இலே முடிவை வெளியிட்டனர். பாதிப்பேரிடம் ஏதோவொரு வால்வுப் பழுது இருந்தது. பெரும்பாலும் சிறு பழுது. ஆனால் நூற்றுக்கு ஆறு பேரிடம் மிதமானதும் கடுமையானதுமான நோய், எவருக்கும் தெரியாமல் ஒளிந்திருந்தது! 2018இலே வெளிவந்த மற்றோர் ஆய்விலே, தொல்லை ஏதும் சொல்லாத முதியோரின் நெஞ்சைக் குடும்ப மருத்துவர்கள் கேட்டனர். கவலைப்படத்தக்க வால்வு நோயிலேகூடப் பாதிக்கும் குறைவே காதுக்கு அகப்பட்டது. முற்றிய சுருக்கத்திலே இதயம் ஓய்ந்துபோய், முணுமுணுப்பே அடங்கிவிடுவதும் உண்டு. முணுமுணுப்பு கேட்டதாலேயே நோய் என்று அஞ்சிடவும் வேண்டாம். தீங்கற்ற முணுமுணுப்பும் உண்டு.

அப்படியானால் காதைத் தள்ளிவிடலாமா? கூடாது! கேள்வி முதற்படி, காது இரண்டாம் படி, எக்கோ மூன்றாம் படி. ஒலியலையை உள்ளே அனுப்பி, வால்வு திறந்து மூடுவதைத் திரையிலே காட்டும் அந்தப் பரிசோதனையிலே ஊசியில்லை, வலியில்லை. காதிலே ஓசை கேட்டாலும் எக்கோ. ஓசை கேட்காவிட்டாலும், மூச்சிரைப்புக்குத் தக்க காரணம் கிடைக்கவில்லையென்றால் எக்கோ. இதுதான் முறை. பணம் படைத்தோருக்கு மாளிகை மருத்துவமனைகளிலே 'முழு உடல் பரிசோதனை' என்ற பெயரிலே இந்தப் படிகள் எளிதிலே கிட்டிவிடுகின்றன. படியே காணாமல் பள்ளத்திலே நிற்பவர் யார்? ஓய்வூதியமும் இல்லாத விசைத்தறிக்காரர், கூலிக்குக் களை பறித்த மூதாட்டி, பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் சென்றுவிட, தனித்திருக்கும் அப்பாரு!

கண்டுபிடித்து என்ன பயன், எழுபது வயதிலே நெஞ்சைப் பிளப்பதா என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்கு ஒரு வரலாறு. அமெரிக்காவிலே ஆல்பர்ட் ஸ்டார் என்ற மருத்துவரிடம் 1958இலே வந்து நின்றவர் லோவல் எட்வர்ட்ஸ். அவர் மருத்துவரல்லர், நீரழுத்தப் பொறிகளும் விமான எரிபொருள் பம்பும் அமைத்துப் பழகிய, ஓய்வுபெற்ற பொறியாளர். கூண்டுக்குள்ளே ஒரு குண்டு! இரத்தம் தள்ளினால் குண்டு எழும், இரத்தம் திரும்பினால் குண்டு வாயிலை அடைக்கும். அந்தச் செயற்கை வால்வு 1960இலே மனித இதயத்திலே பொருந்தி வெற்றி கண்டது. பம்புக்காரர் ஒருவரின் மூளைதான் இதயத்துக்கு வால்வு தந்தது என்றால், பம்புகளின் ஊராம் கோவைக்கு அதிலே ஒரு பெருமிதம் இருக்காதா?

பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பாலும் ஒரு வரலாறு. வெளிநாட்டு வால்வின் விலை ஏழைக்கு எட்டாததைக் கண்டு, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்திலே மருத்துவர் வலியத்தானும் அவரது குழுவினரும் உள்நாட்டு வால்வு செய்திட முனைந்தனர். மூன்று வடிவங்கள் தோற்றன. நான்காவது வென்றது, 1990 டிசம்பரிலே முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பெற்றது. அதன்பின் இலட்சம் பேருக்கு மேல் அந்த வால்வால் வாழ்வு பெற்றனர். மார்பைத் திறக்காமலேயே, தொடையின் இரத்தக்குழாய் வழியாக வால்வைச் செலுத்திப் பொருத்தும் முறையும் வந்துவிட்டது. பிரான்சிலே 2002இலே மருத்துவர் கிரிபியே தொடங்கிவைத்தார். அறுவையைத் தாங்காத முதியோருக்கு அது பெருந்துணை. விலை பல இலட்சம். அந்தச் சுவரையும் இடித்தாகவேண்டும். ஆனால் அத்தனை வழியும் எவருக்குப் பயன்படும்? நோய் இருப்பது தெரிந்தவருக்கு மட்டுமே!

ஆகவே குடும்ப மருத்துவரிடமே திரும்புகிறேன். சித்தாபுதூரிலே, 'இருபது ரூபாய் டாக்டர்' என்று மக்கள் அழைத்த மருத்துவர் பாலசுப்பிரமணியம் 2016 நவம்பர்த் திங்களிலே மறைந்தார். இரண்டு ரூபாயிலே தொடங்கி, இறுதிவரை இருபது ரூபாயைத் தாண்டாத கட்டணம். அவர் மறைந்தபோது ஏழை எளியோர் திரண்டு வந்து கண்ணீர் வடித்ததைக் கோவை கண்டது. குடும்ப மருத்துவர் என்றால் இந்த மக்களுக்கு என்ன பொருள் என்பதற்கு அந்தக் கண்ணீரே சான்று. அத்தகையோரின் இடத்திலே இன்று அமர்ந்திருப்போருக்கு நேரமும் துணையும் தருவது யார் கடமை? அரசின் கடமை! கேட்டுப் பெறுவது மக்களின் கடமை.

புதிதாக மாளிகை எழுப்பச் சொல்லவில்லை. கட்டிய வீட்டுக்கு ஒரு சன்னல் கேட்கிறோம். தமிழகத்திலே தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவம் 1955இலே முதலிலே வந்த இடம் கோவை. மருத்துவக் கல்லூரி 1966இலே எழுந்தது. உயர்தர அறுவை மருத்துவத்துக்கு 2009இலே காப்பீட்டுத் திட்டம் வந்தது. வால்வு மாற்று அறுவைக்கும் அதிலே வழி பிறந்தது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலே தொடங்கிற்று. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து, வாசல் தேடிச் சென்றது. வாசல்வரை சென்ற மருத்துவம், இன்னும் ஓரடி எடுத்துவைத்து நெஞ்சுவரை செல்லட்டும் என்கிறோம்.

கோரிக்கை நான்கு. வீடு தேடி வரும் பெண் ஊழியர், அறுபதைத் தாண்டிய ஒவ்வொருவரிடமும் அந்தப் பொங்கல் கேள்வியைக் கேட்டுக் குறித்திடவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலே ஆண்டுக்கொருமுறை, சட்டையைக் கழற்றி நெஞ்சைக் கேட்பது முறையாகவேண்டும்; பெண்களுக்குத் திரைச்சீலையும் செவிலியும் உறுதியாகவேண்டும். ஐயம் எழுந்தவருக்கு வட்டத்து அரசு மருத்துவமனையிலேயே, காத்துக்கிடக்காமல், எக்கோ கிட்டவேண்டும். வால்வு மாற்ற வேண்டியவருக்கு, திறந்த அறுவையானாலும் குழாய்வழி முறையானாலும், காப்பீடு முழுமையாகக் கைகொடுக்கவேண்டும். ஆட்சிக் கட்டிலிலே எவர் அமர்ந்தாலும் இந்த நான்கையும் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்.

அதுவரை கைகட்டி இருப்பதா? கிளைக் கழகத் தோழர்களே, படிப்பகத்து நண்பர்களே! வாக்காளர் பட்டியலைக் கையிலே வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய கால்கள் உங்களுடையவை. எந்த வீட்டிலே எத்தனை முதியோர் என்பது உங்களுக்குத் தெரிந்த அளவு எந்த அலுவலகத்துக்கும் தெரியாது. அந்தக் கால்கள் மீண்டும் நடக்கட்டும், இம்முறை வாக்குக் கேட்க வேண்டாம். "ஏனுங்க அப்பாரு, போன பொங்கலுக்கு முடிஞ்சது இந்தப் பொங்கலுக்கு எது முடியலீங்க?" என்று திண்ணையிலே அமர்ந்து கேளுங்கள். மயங்கி விழுந்ததுண்டா என்று கேளுங்கள். ஆம் என்றால், துணைக்குச் சென்று மருத்துவர்முன் அமர்த்துங்கள். "ஐயா, சட்டையைக் கழற்றி நெஞ்சைக் கேட்டுப் பாருங்கள்" என்று பணிவோடு சொல்லுங்கள். பணிவோடு, ஆனால் அழுத்தமாக.

நமக்குச் சோறிட உழைத்துத் தேய்ந்த நெஞ்சுகள் அவை. பஞ்சு மூட்டைக்கும் பாத்திக்கும் பாவு நூலுக்கும் தம் மூச்சைத் தந்துவிட்டு, மிச்ச மூச்சுக்கு நம்மிடம் கணக்குக் கேளாமல் இருப்பவர்கள் அவர்கள். அவர்கள் கேட்கமாட்டார்கள். நாம்தான் கேட்கவேண்டும், அவர்கள் நெஞ்சையும், அவர்களுக்காக நாட்டையும்!